வெள்ளிமலைக்கு ஒரு டாக்டர்



கிராமத்துக்கு டாக்டர் வருவது மனசு வைத்தாலா, ஒப்பந்தம் போட்டாலா? இதுதான் தலைப்பு. மனசுதான் என்று எதிரணி நண்பர் உருகினார். சிட்லிங்கியைச் சொன்னார். நம்ம கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவிலே இருக்கிற பள்ளத்தாக்கு. 1993-லே டாக்டர் ரெஜி ஜார்ஜ், டாக்டர் லலிதா தம்பதி அங்கே ஓலைக் குடிசையிலே வைத்தியம் ஆரம்பித்தார்கள். கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனா ஐயா, மலைக்கு மலை அப்படி ரெண்டு பேர் வரணும்னு காத்திருந்தா, பிரசவ வலி காத்திருக்குமா?

டாக்டர் மாப்பிள்ளைதான் வேணும்னு தேடுறோம். எங்கே வேலைன்னு கேட்கிறோம். வெள்ளிமலைன்னா, ஜாதகம் பொருந்தலைங்கிறோம்! (சிரிப்பு)

அரசுக் கல்லூரியிலே பிள்ளை கட்டுகிற பணம் கொஞ்சம். மீதியை யார் கொடுக்கிறது? மலையிலே சோப்பு வாங்குகிற பாட்டியும் வரி கொடுக்கிறாள். அந்தப் பாட்டிக்கு ஒரு டாக்டர் கடன்பட்டிருக்கிறார், நடுவர் அவர்களே!

ஜப்பானிலே 1972-லே ஜிச்சி மருத்துவப் பல்கலைக்கழகம் தொடங்கினார்கள். ஒவ்வொரு மாகாணமும் தன் பிள்ளைகளில் ரெண்டு மூணு பேரை அனுப்பும். ஆறு வருஷப் படிப்புச் செலவு கடன். திரும்பி வந்து, மாகாணம் சொன்ன இடத்திலே வேலை பார்த்து ஒன்பது வருஷக் கெடுவை முடித்தால் கடன் தள்ளுபடி. பணத்தைக் கட்டிவிட்டு விலகவும் வழி உண்டு, விலகினவர் சொற்பம். கெடு முடிந்தும் பெரும்பாலோர் சொந்த மாகாணத்திலேயே தங்கிவிட்டார்கள்.

நம்மிடம் என்ன இல்லை? 2020-லே சட்டம் போட்டு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத இடம் கொடுத்தோம். கட்டணத்தையும் அரசே ஏற்றது. இதோ சிறுவங்கூரிலே 2022 ஜனவரியிலே மருத்துவக் கல்லூரி திறந்தாச்சு. மலைப் பள்ளியிலே படித்த பெண்ணுக்கு அங்கே தனியா ஒரு இடம் கொடுங்க. "படிக்க வைக்கிறோம், மலைக்கு வாம்மா" என்று கேளுங்க.

"ஏழைப் பிள்ளைதான் கட்டுப்படணுமா?" என்று அடுத்து வருகிறவர் கேட்பார். நியாயமான கேள்வி. அதனாலேதான் கட்டாயம் வேண்டாம் என்கிறேன். விரும்பி வருகிற பிள்ளைக்குக் கூடுதல் இடம். மேல்படிப்பிலே இந்தக் கொடுக்கல் வாங்கல் ஏற்கெனவே இருக்கே! அரசு டாக்டர்களுக்கு இடம் ஒதுக்க மாநிலத்துக்கு உரிமை உண்டென்று 2020 ஆகஸ்ட் 31-லே உச்ச நீதிமன்றம் சொன்னது. கடினமான பகுதியிலே வேலை பார்த்தால் வருஷத்துக்கு 10 சதவீதம் வரை, அதிகபட்சம் 30 சதவீதம் ஊக்க மதிப்பெண் கொடுக்கவும் விதி இருக்கிறது. அதை எம்.பி.பி.எஸ். வாசலிலேயே ஆரம்பித்தால் என்ன?

ஒப்பந்தத்திலே அரசாங்கமும் கையெழுத்துப் போடணும். தாழ்ப்பாள் இல்லாத குவார்ட்டர்ஸிலே ராத்திரி டூட்டிக்கு உங்க மகளை அனுப்புவீங்களா, தாய்மார்களே? தண்ணீர் வரணும், மருந்து இருக்கணும், கூட ஒரு நர்ஸ் இருக்கணும். இதையெல்லாம் முதல் பக்கத்திலேயே எழுதச் சொல்லுங்கள், நடுவர் அவர்களே! மணியிலே கை வைத்துவிட்டீர்கள். (கைதட்டல்)