பொங்கல் மேடையில் நாகசுரமும் கீபோர்டும்
(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)

கூட்டத்துக்கு வர முடியாதவர்களுக்காக, பேசியதை எழுதித் தரச் சொல்லிச் செயலாளர் கேட்டார். அன்று சொல்ல விட்டுப்போன ஒன்றிரண்டையும் சேர்த்திருக்கிறேன்.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். வரும் பொங்கல் விழாவில் நாகசுரத்தோடு கிட்டார், டிரம்ஸ், கீபோர்டு சேர்த்து ‘ஃப்யூஷன்’ வைக்க வேண்டும் என்று நம் தெருப் பிள்ளைகள் கேட்கிறார்கள். கோயில் வாத்தியத்தை அப்படிக் கெடுக்கக் கூடாது என்று பெரியவர்கள் சிலர் சொல்கிறார்கள். வாட்ஸ்அப்பில் இரண்டு வாரமாக இதே பேச்சு. நான் இரண்டு தரப்புக்கும் சேர்த்துத்தான் பேசுகிறேன்.

பெரியவர்களுக்கு முதலில். நாம் இருப்பது குலசையில். தசரா பத்து நாளும் முத்தாரம்மன் கோயிலுக்கு வருகிற குழுக்கள் எதைத்தான் கொட்டாமல் வருகின்றன? தாரை தப்பட்டை, கேரளத்துச் செண்டை, பேண்டு செட், நையாண்டி மேளம் எல்லாம் ஒரே தெருவில் கேட்கிறோம். இதில் எது கலப்பில்லாதது என்று பிரித்துச் சொல்லுங்கள் பார்ப்போம்.

சரி, அது திருவிழாச் சத்தம், சாஸ்திரிய சங்கீதம் வேறு என்பீர்கள். அதற்கும் இங்கே பக்கத்திலேயே பதில் இருக்கிறது. எட்டயபுரம் அரண்மனையில் வித்வானாக இருந்த பாலுசாமி தீட்சிதர், சென்னையில் இருந்தபோது ஒரு வெள்ளைக்காரரிடம் வயலின் கற்றுக்கொண்டு அதைக் கர்நாடக சங்கீதத்துக்குள் கொண்டுவந்தவர். அவருடைய அண்ணன்தான் முத்துசாமி தீட்சிதர். 1835-ல் எட்டயபுரத்தில் காலமானார், சமாதியும் அங்கேதான். வெள்ளைக்காரர்களின் பேண்டு மெட்டுகளுக்கு அவர் சமஸ்கிருதத்தில் எழுதிய பாட்டுகளைத்தான் நோட்டுஸ்வரம் என்கிறோம். சுமார் நாற்பது இருக்கும். அதில் ஒன்று இங்கிலாந்தின் தேசிய கீத மெட்டு! அம்பாசமுத்திரம் பக்கத்து ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் ‘இங்கிலீஷ் நோட்’ போட்டார். மதுரை மணி ஐயர் பாடி அது ஊரெல்லாம் பரவியது. இன்று வயலின் இல்லாத கச்சேரி உண்டா? கலப்பு என்று ஒதுக்க ஆரம்பித்தால் முதலில் தீட்சிதர் வீட்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

இனி பிள்ளைகளுக்கு. நீங்கள் போனில் பார்த்துவிட்டு வந்து சொல்கிற ‘சக்தி’ குழுவையே எடுத்துக்கொள்வோம். ஜான் மெக்லாஃப்லின் என்ற ஆங்கிலேய கிட்டார்காரர் மைல்ஸ் டேவிஸோடு ஜாஸ் வாசித்தவர். பிறகு மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா என்று காது கிழியும் மின்சாரக் குழு ஒன்றை நடத்தினார். அதை விட்டுவிட்டு எல். சங்கரின் வயலின், ஜாகிர் உசேனின் தபலா, விக்கு விநாயகராமின் கடம் இவற்றோடு உட்கார்ந்தார். முதலில் ராமநாதபுரம் ராகவன் மிருதங்கமும் இருந்தது. அமெரிக்காவில் ஒரு கல்லூரியில் 1975 ஜூலையில் அவர்கள் வாசித்ததுதான் 1976-ல் முதல் இசைத்தட்டாக வந்தது.

நீங்கள் கவனிக்க வேண்டியது அதற்கு முன்னால் அவர் செய்ததை. வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் உட்கார்ந்து வீணை படித்தார். சாதாரண கிட்டாரில் கமகம் சரியாக வரவில்லை என்று, கம்பிகளுக்கு அடியில் மரத்தைக் குடைந்து புது கிட்டாரே செய்யச் சொன்னார். குடைந்த இடத்தில் கம்பியை அழுத்தினால் வீணையில் இழுக்கிற மாதிரி ஸ்வரம் வளையும். குறுக்கே ஏழு கம்பிகள் தனியாகச் சுருதிக்கு. மின்சாரத்தை நிறுத்தினார், தரையில் உட்கார்ந்தார். ஒரு மண்பானைச் சத்தம் அமுங்காமல் இருக்க கிட்டார் எவ்வளவு அடங்கி வாசிக்கிறது என்று அந்தத் தட்டைப் போட்டுக் கேளுங்கள். அந்தக் குழு பிரிந்து, மறுபடி கூடி, 2024-ல் கிராமி வாங்கியது. அப்போது அதில் விக்குவின் மகன் செல்வகணேஷ் வாசித்தார். ஜாகிர் உசேன் அதே வருஷம் டிசம்பரில் போய்விட்டார்.

கத்ரி கோபால்நாத் கதையும் இதே மாதிரிதான், திசை மட்டும் வேறு. அப்பா நாகசுர வித்வான். பையனுக்கு மைசூர் அரண்மனை பேண்டில் கேட்ட சாக்ஸபோன் மேல் ஆசை. அந்த வாத்தியத்தின் விசைகளை மாற்றி, கமகத்துக்கு அதைப் பழக்கவே அவருக்குப் பல வருஷம் பிடித்தது. 1980-ல் பம்பாய் ஜாஸ் விழாவில் ஜான் ஹேண்டியோடு மேடையேறியபோது, தோடியும் கல்யாணியும் கையில் வைத்துக்கொண்டு ஏறினார். ‘டூயட்’ படத்தில் நீங்கள் கேட்டது அவரைத்தான்.

இப்போது என் தவறுக்கு வருகிறேன். போன பொங்கலுக்கு நிகழ்ச்சி ஏற்பாடு என் பொறுப்பு. நாகசுரக்காரர் அண்ணாச்சியையும் லைட் மியூசிக் குழுவையும் ஒரே மேடையில் ஏற்றினேன், ஒத்திகை இல்லாமல். அவர் குழல் இரண்டரைக் கட்டை. கீபோர்டு தம்பி ஒரு கட்டையில் ஆரம்பித்தான். அவர் சீவாளியைத் தள்ளிப் பார்த்தார், இழுத்துப் பார்த்தார். மயிரிழைக்கு மேல் என்ன மாறும்? தவிலுக்கு மைக் வைக்கவில்லை, பேடுக்கு நாலு பெட்டி ஸ்பீக்கர். ஏழு நிமிஷத்தில் குழலை உறையில் போட்டுவிட்டு இறங்கினார். கூட்டத்துக்கு ஒன்றும் தெரியவில்லை, விசிலடித்தார்கள். இரண்டு நாள் கழித்து வீட்டுக்குப் போனேன். “தம்பி, அந்தப் பெட்டியில பொத்தானை அமுக்கினா சுருதி ஏறும், இறங்கும். என் குழல்ல நான் எதைப் போய் அமுக்க?” என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அவர் மகன் இப்போது வாசிப்பதை விட்டுவிட்டுத் தூத்துக்குடியில் வேலைக்குப் போகிறான். அன்றைய மேடையில் அப்பாவுக்குப் பக்கத்தில் அவனும் இருந்தான்.

காருகுறிச்சி அருணாசலம் வாசித்த மண் இது. ‘கொஞ்சும் சலங்கை’யில் ஜானகி அம்மாவின் குரல் அவர் நாகசுரத்துக்கு ஈடுகொடுக்கிறதே, அந்தப் படம் 1962. பாட்டும் குழலும் ஒரே சுருதியில் கட்டப்பட்டதால்தான் இன்றும் கேட்கிறோம்.

அதனால் நிகழ்ச்சி வேண்டும் என்பதுதான் என் கட்சி. ஆனால் மூன்று காரியம் நடக்க வேண்டும். கீபோர்டும் கிட்டாரும் இரண்டரைக் கட்டைக்கு வர வேண்டும். அவர்களுக்கு அது ஒரு பொத்தான், ஒரு கிளிப், அவ்வளவுதான். அண்ணாச்சி ராகம் வாசிக்கும்போது கீபோர்டு சட்ஜமும் பஞ்சமமும் மட்டும் பிடித்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். இரண்டு நாள் ஒத்திகை வேண்டும், அந்த இரண்டு நாளுக்கும் அண்ணாச்சிக்கும் தவில்காரருக்கும் சம்பளம் கொடுக்க வேண்டும். போன வருஷம் லைட் மியூசிக் குழுவுக்குக் கொடுத்ததில் பாதிகூட நாம் அவர்களுக்குக் கொடுக்கவில்லை. பொருளாளர் முகம் சுளிப்பது தெரிகிறது. சீரியல் லைட்டில் குறைத்துக்கொள்ளலாம்.

அண்ணாச்சியிடம் மறுபடி போய்க் கேட்டேன். உடனே சரி என்று சொல்லவில்லை. கடைசியில், “முதல்ல என் சுருதிப் பெட்டியைப் போடுவேன். பிள்ளைகள் அஞ்சு நிமிஷம் அதைக் கேட்டுட்டு அப்புறம் அவங்க பெட்டியைத் திறக்கட்டும். அதுக்கு ஒத்துக்கிட்டா வாரேன்” என்றார். மகனையும் கூட்டி வாருங்கள் என்றேன். அவனிடம் நீயே பேசு என்றார். ஞாயிற்றுக்கிழமை தூத்துக்குடிக்குப் போகிறேன். கிட்டார் வாசிக்கிற பிள்ளைகளில் யாராவது ஒருவர் கூட வந்தால் நல்லது.