தாழ்மையின் தொண்டு

தொண்டு என்னும் சொல் தமிழ் மக்களுக்குப் புதியதன்று. சிவநெறி நின்ற அடியார்களைத் திருத்தொண்டர் என்றே சேக்கிழார் பெருமான் போற்றினார். திருநாவுக்கரசரின் பதிகங்களை நினைவில் வைத்திருக்கும் மக்கள், அவர் கையில் விளங்கிய உழவாரப்படையையும் மறந்தாரில்லை. கோயில் முற்றத்துப் புல்லைச் செதுக்கிய அந்த எளிய கருவி, இன்றும் அப்பெருமானின் திருவுருவத்தை அடையாளங் காட்டி நிற்கின்றது. பெரியோர் கையால் சிறு வேலை செய்யப்படும்பொழுது அவ்வேலை உயர்கின்றது, செய்தவரும் தாழ்வதில்லை.

கிறிஸ்தவ வாழ்விலும் இக்கருத்தே நடுநாயகமாக விளங்குகின்றது. யோவான் எழுதிய நற்செய்தியின் பதின்மூன்றாம் அதிகாரத்தில் ஒரு காட்சி வருகின்றது. இயேசு பெருமான் தம் சீடரோடு இறுதியாக உணவருந்திய இரவு அது. புழுதி படிந்த வழிகளில் நடந்து வருவோரின் கால்களைக் கழுவிவிடுதல் அந்நாட்டில் வீட்டு ஏவலாளரின் வேலை. அன்று குருவே எழுந்து, மேலாடையைக் களைந்து, துண்டொன்றை இடையிற் கட்டிக்கொண்டு, பாத்திரத்தில் நீர் வார்த்துச் சீடரின் பாதங்களைக் கழுவலானார். பேதுரு என்னும் சீடர் தம் காலை நீட்ட மறுத்தார். குரு வற்புறுத்திய பின்னரே இணங்கினார்.

இக்காட்சியில் இரண்டு பாடங்கள் உள்ளன. முதற்பாடம், குனிந்து பிறர் காலைக் கழுவுதல். இதை யாவரும் அறிவர். இரண்டாவது பாடம், தன் காலைப் பிறர் கழுவ இடங்கொடுத்தல். இதைப் பலர் கவனிப்பதில்லை. கொடுப்பவன் என்றும் மேலே நிற்கின்றான். அவன் உள்ளத்தில் செருக்கு நுழைதல் எளிது. பிறர் உதவியைப் பெற்றுக்கொண்டவனோ தன் குறையை உணர்ந்தவன். அவன் பின்னர்ச் செய்யும் தொண்டிற்கு ஒரு தனித் தூய்மை உண்டு.

இவ்வுண்மைக்கு இலங்கை வரலாற்றிலேயே சிறந்த சான்று ஒன்று இருக்கின்றது. அதுவே யோசேவ் வாஸ் அடிகளாரின் வாழ்க்கை. அவர் 1651ஆம் ஆண்டு கோவாவில் கொங்கணி அந்தணர் குடும்பமொன்றில் பிறந்தவர். 1676ஆம் ஆண்டு குருப்பட்டம் பெற்றவர். அக்காலத்தில் இலங்கையின் கரையோரப் பகுதிகள் ஒல்லாந்தர் ஆட்சியில் இருந்தன. யாழ்ப்பாணம் 1658ஆம் ஆண்டில் அவர்கள் கைப்பட்ட பின்னர், கத்தோலிக்கக் குருமார் நாட்டிலிருந்து அகற்றப்பட்டனர். மறைந்து வருவோருக்குத் தண்டனையும் விதிக்கப்பட்டது. குருமாரின்றி ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் வாழ்ந்த மக்களின் நிலையைக் கேள்வியுற்ற அடிகளார், 1687ஆம் ஆண்டில் தூத்துக்குடி வழியாக இலங்கைக்கு வந்தார். கூலியாள் கோலம் பூண்டு வந்த அவருக்குத் துணையாக வந்தவர் ஜோன் என்னும் ஏழை இளைஞர் ஒருவரே.

வந்த இடத்தில் அடிகளார் செய்த முதல் வேலை போதனையன்று, நோயுற்றுப் படுத்ததே. கடும் வயிற்றுப்போக்கினால் அவர் சாகுந் தறுவாயை அடைந்தார். முன்பின் அறியாத அந்தப் பரதேசிக்குக் கஞ்சி கொடுத்துக் காத்தவள் யாழ்ப்பாணத்துப் பெண்ணொருத்தி என்று வரலாறு கூறுகின்றது. இலங்கைக்கு உதவ வந்தவர், இலங்கைப் பெண்ணொருத்தியின் கஞ்சியால் உயிர் பிழைத்தார். கிறிஸ்துவின் சீடர் காலை நீட்டக் கற்றுக்கொண்டதுபோல, அடிகளாரும் கையேந்தக் கற்றுக்கொண்டார்.

பின்னர் அவர் தமிழ் பயின்று, யாழ்ப்பாணத்திலும் புத்தளத்திலும் மறைவாகப் பணியாற்றி, 1692ஆம் ஆண்டில் கண்டி இராச்சியத்தினுட் புகுந்தார். ஆங்கே அவரைப் போர்த்துக்கேயரின் ஒற்றன் எனக் குற்றஞ்சாட்டிச் சிறையிலிட்டனர். நாளடைவில் அவருடைய ஒழுக்கத்தைக் கண்டு காவல் தளர்ந்தது. மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியன் பௌத்த சமயத்தைப் பேணியவன். எனினும் அடிகளாரிடம் நன்மதிப்புக் கொண்டான்.

1697ஆம் ஆண்டில் கண்டி நகரில் வைசூரி பரவிற்று. அந்நோய்க்கு அன்று தடுப்பும் இல்லை, மருந்தும் இல்லை. மன்னனும் பிரதானிகளும் நகரை விட்டு அகன்றனர். நோயுற்றோரைக் காட்டில் விட்டு விலகுதல் அக்கால வழக்கம். பெற்றோர் பிள்ளைகளையும் பிள்ளைகள் பெற்றோரையும் அஞ்சி நீங்கிய அவ்வேளையில், அடிகளாரும் அவருடைய மருமகனான யோசேவ் கர்வாலோ என்னும் குருவும் நகரிலேயே தங்கினர். கைவிடப்பட்டோரை ஓரிடத்திற் சேர்த்து, புண்களைக் கழுவி, உணவு சமைத்து ஊட்டி, இறந்தோரைத் தம் கையாலேயே அடக்கஞ் செய்தனர்.

இங்கே ஒரு கேள்வி எழுதல் இயல்பு. சமயம் பரப்ப வந்தவர் செய்த தொண்டு, ஆள் சேர்க்கும் உபாயந்தானோ என்பதே அக்கேள்வி. பல சமயத்தவர் கூடி வாழும் நாட்டில் இதனை ஒதுக்கிவிடுதல் நேர்மையாகாது. அடிகளார் தம் சமயத்தைப் போதிக்க வந்தார் என்பது உண்மை. அதனை அவர் மன்னனிடத்தும் மறைத்தாரில்லை. ஆயின் வைசூரிப் படுக்கையில் கிடந்தோரிடம் அவர் சமயம் வினவிப் பின் கஞ்சி வார்த்தாரல்லர். பௌத்தருக்கும் கிறிஸ்தவருக்கும் ஒரே அகப்பையால் உணவு சென்றது. அவருடைய போதனை கேட்போர் கேட்கலாம், கேளாதார் விடலாம் என்றிருந்தது. அவருடைய பணிவிடையோ எல்லார்க்கும் பொதுவாயிருந்தது. கஞ்சிக்கு விலை குறித்த அளவிலே அது தொண்டென்னும் பெயரை இழந்து வாணிகமாகிவிடும். தொண்டு செய்வோர் எச்சமயத்தவராயினும், தம்மைத் தாமே அளந்துகொள்ள வேண்டிய அளவுகோல் இதுவே.

அடிகளாரின் தொண்டில் மற்றொரு சிறப்பும் உண்டு. புகழ் பெருகிய பின்னரும் அவர் தம் நிலையை உயர்த்திக்கொள்ளவில்லை. ஆயர் பதவி பற்றிய பேச்சு எழுந்தபோது, எளிய குருவாக இருப்பதையே விரும்பினார். 1711ஆம் ஆண்டு சனவரி 16ஆம் நாள் கண்டியிலேயே உயிர் நீத்தார். கொழும்பு காலிமுகத் திடலில் 1995ஆம் ஆண்டு திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தார். அதே திடலில் 2015ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். உயிரோடிருந்த காலத்தில் பதவியைத் தவிர்த்தவருக்கு மூன்று நூற்றாண்டுகள் கழிந்து வந்த மதிப்பு அது. ஆயினும் அவருடன் வந்த ஜோனுக்கு அத்தகைய விழா எதுவும் நிகழவில்லை. பெரியோர் ஒருவரின் தொண்டிற்குப் பின்னால், விறகு சுமந்தும் நீர் மொண்டும் நின்ற மற்றொருவரின் தொண்டு இருக்கின்றது என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

மாத்தளை மாவட்டத்து நேயர்களுக்கு இவ்வரலாறு அயலூர்க் கதையன்று. கலேவெலைக்கு அண்மையிலுள்ள வஹாக்கோட்டை, கண்டி இராச்சியக் காலந்தொட்டே கத்தோலிக்கர் வாழ்ந்து வரும் ஊர். போர்த்துக்கேயர் வழிவந்தோர் அங்கே குடியேற்றப்பட்டனர். அவ்வூர் அந்தோனியார் ஆலயத் திருவிழா இன்றும் பலரை ஈர்க்கின்றது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இம்மாவட்டம் வேறொரு துயரத்தையும் கண்டது. கோப்பித் தோட்டங்களில் வேலை செய்யத் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர், மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே தம்புள்ளை, நாலந்தை முதலிய இடங்களைக் கடந்து மாத்தளைக்கு நடந்து வந்தனர். வழியில் வாந்திபேதியும் காய்ச்சலும் எண்ணற்றோரைக் கொண்டுபோயின. தள்ளாடி விழுந்தவர் பலர் வழியோரத்திலேயே மாண்டனர். 1854ஆம் ஆண்டில் தோட்டத் தமிழரிடையே ஆங்கிலிக்க மிஷன் பணி தொடங்கியபோது, திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசிமார் லயங்களுக்கு நடந்து சென்றனர். அவர்களிற் பெரும்பாலோரின் பெயரை இன்று எவரும் அறியார். தாழ்மையான தொண்டின் இயல்பே அது. செய்யப்பட்ட வேலை நிற்கும், செய்தவர் பெயர் மறையும்.

நேயர்களே, கொள்ளை நோய் வந்த காலத்தில்தான் தொண்டு செய்ய இயலும் என்றில்லை. வயது முதிர்ந்த தாயின் படுக்கையை மாற்றுதல், அயல்வீட்டு நோயாளிக்கு வைத்தியசாலையில் இரவு துணையிருத்தல், பாடசாலையின் மலசலகூடத்தைப் பிறர் ஏவாமல் தூய்மை செய்தல், தோட்டத்து முதியவருக்கு ஓய்வூதியப் பத்திரத்தை நிரப்பிக் கொடுத்தல் ஆகிய இவையெல்லாம் துண்டும் தண்ணீரும் ஏந்தும் வேலைகளே. இவற்றைச் செய்யும் வேளையில், உதவி பெறுவோர் நாணித் தலைகுனியாதபடி செய்தல் வேண்டும். அதற்கு வழி ஒன்றே. தனக்கும் ஒரு நாள் எவரோ கஞ்சி வார்த்தார் என்பதை உதவுகின்றவன் மறவாதிருத்தலே அவ்வழியாகும்.