வந்ததற்கா அடித்தோம்?

(குறுவளமையக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் ஜவ்வாது மலையில், நெல்லிவாசல்நாட்டில் பணியாற்றுகிறேன். கற்பித்தலில் என் அனுபவத்தைச் சொல்லும்படி கேட்டார்கள். என் நாயிடமிருந்து தொடங்குகிறேன்; பொறுத்துக்கொள்ளுங்கள்.

பி.எட். தேர்வில் பாவ்லோவின் நாயைப் பற்றி நாம் எல்லோரும் எழுதியிருப்போம். மணி ஒலித்தால் அதற்கு எச்சில் ஊறும். என் நாயின் பெயரே மணி. மழைக்கு ஒதுங்கிய நாட்டு நாய்க்குட்டி, வீட்டிலேயே தங்கிவிட்டது. இரவில் என் மகளின் காலடியில்தான் படுக்கும். ஆனால் கயிற்றை அவிழ்த்தால் ஆடுகளைத் துரத்திக்கொண்டு ஓடிவிடும்.

ஒருநாள் பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்தார். "சார், உங்க மேல மரியாதை இருக்கு. இன்னொரு தடவை ஆட்டைத் தொரத்துச்சுன்னா நாய் மிஞ்சாது" என்றார். ஆடுகள்தான் அவருடைய சேமிப்பு. அவர் கோபம் நியாயமானது.

அதுவரை நான் செய்தது இதுதான். "மணி, வா!" என்று கத்துவேன். அரை மணி நேரம் கழித்து வரும். வந்ததும் குச்சியால் இரண்டு அடி போட்டுக் கட்டிவிடுவேன். நாளடைவில், அழைத்தால் பத்தடி தள்ளியே நின்றது.

வெறிநோய்த் தடுப்பூசி போடப் போனபோது கால்நடை மருத்துவரிடம் இதைச் சொன்னேன். "எதுக்கு சார் அடிச்சீங்க? ஓடினதுக்கா, வந்ததுக்கா?" என்று கேட்டார்.

என்னிடம் பதில் இல்லை. ஓடியது எப்போதோ முடிந்துவிட்டது. அடி விழுந்தபோது மணி செய்துகொண்டிருந்தது, என்னிடம் வந்ததுதான். 'வா' என்ற சொல்லுக்குக் குச்சி என்று நானே பொருள் கற்பித்திருக்கிறேன். தேர்வுக்கு எழுதிய பாவ்லோவ் அன்றுதான் எனக்குப் புரிந்தார்.

பிறகு முதலிலிருந்து தொடங்கினோம். வீட்டுக்குள் நாலடி தூரத்தில் நின்று ஒருமுறை மட்டும் அழைப்பது. வந்த நொடியே ஒரு துண்டு கருவாடு, தலையில் ஒரு தடவல். உடனே மறுபடி விட்டுவிடுவது. அழைத்தால் கட்டிப்போடுவார்கள் என்ற எண்ணம் போகவேண்டும் அல்லவா? பிறகு நீளக் கயிற்றோடு முற்றம், அதன்பின் கொல்லை. ஆடுகள் தெரியும் தூரத்தில் அழைத்தால் திரும்பிவர நான்கு மாதம் ஆயிற்று. இன்றும் மேய்ச்சல் பக்கம் கயிறில்லாமல் விடுவதில்லை.

இதை ஏன் சொல்கிறேன்? பெற்றோருடன் காப்பித் தோட்ட வேலைக்குப் போன மாணவன் ஒருவன், இரண்டு மாதம் கழித்து வகுப்புக்கு வந்தான். "இப்பதான் வழி தெரிஞ்சுதா?" என்றேன். வகுப்பே சிரித்தது. மறுநாள் அவன் வரவில்லை.

குழந்தையை நாயோடு ஒப்பிடவில்லை. இரண்டு இடத்திலும் ஒரே தவற்றைச் செய்த என்னைத்தான் ஒப்பிடுகிறேன். கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17 உடல் தண்டனையோடு மனத் துன்புறுத்தலையும் தடை செய்கிறது. கையில் குச்சி இல்லை என்பதால் நான் அடிக்கவில்லை என்று ஆகிவிடாது.

அவன் வீட்டுக்கு மூன்று முறை நடந்தேன். நான்காவது வாரம் வந்தான். "வாப்பா, உன் இடம் அப்படியே இருக்கு" என்று மட்டும் சொன்னேன். விட்டுப்போன பாடங்களை மாலையில் சிறிது சிறிதாகப் படித்தோம்.

நாளை உங்கள் வகுப்பு வாசலிலும் ஒரு குழந்தை தாமதமாக வந்து நிற்கலாம். ஏன் வரவில்லை என்று பிறகு கேட்டுக்கொள்வோம். முதலில், வந்ததற்கு மகிழ்வோம்.