வீட்டில் கட்டிய விமானமும் ஆண்டுச் சோதனையும்



வீட்டிலேயே விமானம் கட்டுகிறார்கள் என்று சொன்னால் நம்மில் பலர் சிரிப்பார்கள். அடுக்குமாடி வீட்டில் சைக்கிள் நிறுத்தவே இடம் தேடும் ஊர் நம்முடையது. ஆனால் அமெரிக்காவில் இத்தகைய விமானங்கள் பல்லாயிரம் உண்டு. நம்மவர்களும் இதில் இறங்கியிருக்கிறார்கள். மும்பையில் விமானி அமோல் யாதவ் தம் வீட்டு மொட்டைமாடியில் ஆறு இருக்கை விமானம் ஒன்றைக் கட்டினார். 2017ல்தான் அதற்குப் பதிவு கிடைத்தது. கேரளத்தைச் சேர்ந்த பொறியாளர் அசோக் தாமரக்ஷன், கொவிட் முடக்க காலத்தில் பிரிட்டனில் நான்கு இருக்கை விமானத்தைத் தாமே பொருத்தி, 2022ல் குடும்பத்துடன் ஐரோப்பாவைச் சுற்றி வந்தார்.

என்னை இந்த விஷயத்துக்குள் இழுத்தவர் அமெரிக்காவில் இருக்கும் என் மைத்துனர். யாரோ கட்டிய இரண்டு இருக்கை விமானத்தைப் பழைய விலைக்கு வாங்கினார். பக்கத்து இருக்கையில் உட்காரப்போவது என் தங்கை. ஆண்டுச் சோதனையை ஒழுங்குபடுத்த ஒரு செயலி எழுதித் தரும்படி கேட்டார். சிலேத்தாரில் விமானப் பராமரிப்பு வேலை பார்க்கும் நண்பரைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் லிட்டில் இந்தியாவில் ஒரு கடைமாடியில் உட்கார்ந்து வேலையைத் தொடங்கினோம்.

இங்கே 10 ஆண்டைத் தாண்டிய கார் ஆண்டுக்கொரு முறை சோதனைக்குப் போகிறது அல்லவா? அமெரிக்காவில் வீட்டு விமானம் முதல் ஆண்டிலிருந்தே போகவேண்டும். கட்டியவரே அதற்கான சான்றிதழ் பெற்றுத் தம் விமானத்தைத் தாமே சோதிக்கலாம். இல்லையேல் உரிமம் பெற்ற மெக்கானிக் சோதிக்க வேண்டும். மார்ச் 3ல் சோதனை முடிந்தால் அடுத்த ஆண்டு மார்ச் 31 வரை செல்லும். இது நாள்காட்டிக் கணக்கு. எஞ்சின் எண்ணெய் மாற்றுவதோ ஓடிய மணிக்கணக்கு. ரோட்டாக்ஸ் 912 எஞ்சினுக்கு ரப்பர் குழாய்களை 5 ஆண்டுக்கு ஒரு முறை மாற்றவேண்டும், பறந்தாலும் சரி, பறக்காவிட்டாலும் சரி. இந்தக் கணக்குகளையெல்லாம் செயலியில் சேர்ப்பது சுலபமாக முடிந்துவிட்டது. அத்துடன் வேலை தீர்ந்தது என்றுதான் நினைத்தேன்.

என் முதல் வடிவத்தில் ‘அனைத்தும் சரி’ என்று ஒரு பொத்தான் வைத்திருந்தேன். நண்பர் அதைப் பார்த்துவிட்டு, “இதை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் நான் வரமாட்டேன்” என்றார். எடுத்தேன். பிறகு அவர் கேட்டார்: “இந்தப் பட்டியல் யாருடைய விமானத்துக்கு?”

அந்தக் கேள்விக்கு அமெரிக்கப் பாடகர் ஜான் டென்வரின் மரணத்தைவிடத் தெளிவான உதாரணம் கிடையாது. 1997 அக்டோபர் 12ல் கலிஃபோர்னியாவின் மான்டரே விரிகுடாவில் அவருடைய லாங்-ஈஸி விமானம் விழுந்தது. வேறொருவர் கட்டியதை அவர் அப்போதுதான் வாங்கியிருந்தார். பர்ட் ரூட்டனின் மூல வரைபடப்படி எரிபொருள் தாங்கியை மாற்றும் கைப்பிடி விமானிக்கு முன்புறம் இருக்கவேண்டும். கட்டியவர் அதை இடது தோளுக்குப் பின்னால் வைத்துவிட்டார். எந்தப் பக்கம் திருப்பினால் எந்தத் தாங்கி என்ற அடையாளமும் இல்லை. பின்னால் திரும்பிக் கைப்பிடியை எட்டும்போது கால் அறியாமல் சுக்கான் மிதியை அழுத்தியிருக்கும் என்பது விசாரணை அதிகாரிகளின் முடிவு. வரைபடத்தை வைத்துத் தயாரித்த பட்டியலைக் கையில் கொடுத்திருந்தால் அந்தக் கைப்பிடியைப் பற்றி ஒரு வரியும் அதில் இருந்திருக்காது.

தேக்கா நிலைய மாடியில் தையல்காரர்கள் வைத்திருக்கும் அளவு நோட்டை நினைத்துப் பாருங்கள். அதில் ‘சட்டை’ என்று பொதுவாக எழுதுவதில்லை. இன்னாருக்கு வலது தோள் சற்று இறக்கம் என்று இருக்கும். வீட்டு விமானமும் அளவெடுத்துத் தைத்த சட்டைதான். ஆனால் அதன் அளவு நோட்டு பெரும்பாலும் கட்டியவர் தலைக்குள் இருக்கிறது. அவர் விற்றுவிட்டால் அதுவும் போயிற்று.

இது என் கற்பனை அல்ல. 2011ல் அமெரிக்கச் சிறு விமானங்களில் சுமார் 10 விழுக்காடே வீட்டில் கட்டியவை. உயிரிழப்பு ஏற்பட்ட விபத்துகளிலோ அவற்றின் பங்கு 21 விழுக்காடு. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012ல் வெளியிட்ட ஆய்வு அது. அவ்வாண்டு விபத்துக்குள்ளான வீட்டு விமானங்களில் பாதிக்கும் மேற்பட்டவை, கட்டியவரிடம் இல்லாமல் கைமாறியவை.

ஆகவே செயலியின் முதல் பக்கத்தை மாற்றினோம். சோதனைப் பட்டியலைத் திறக்குமுன், ‘வரைபடத்திலிருந்து எங்கே விலகியிருக்கிறது?’ என்று கேட்கும். ஒவ்வொரு விலகலுக்கும் படம், காரணம், யார் செய்தது என்ற குறிப்பு வேண்டும். அவை தாமாகவே அவ்வாண்டுப் பட்டியலில் வந்து உட்காரும். ‘பார்க்கவில்லை’ என்று எழுதவும் இடம் வைத்தோம். பார்க்காததைப் பார்த்ததாகக் குறிப்பதைவிட அது மேல். கணக்கு விமானத்தின் பதிவு எண்ணில் இருக்கும், உரிமையாளர் பெயரில் அல்ல.

கட்டியவர்கள் இதை விரும்புவதில்லை என்பதையும் சொல்லவேண்டும். தம் கைவேலையைக் குற்றப்பத்திரிகை ஆக்குவதாகச் சிலர் நினைக்கிறார்கள். என் மைத்துனரின் விமானத்தைக் கட்டிய பெரியவரும் முதலில் மறுத்தார். “நான் கட்டினேன், நான் பறந்தேன், ஒன்றும் ஆகவில்லையே” என்றார். என் தங்கையே தொலைபேசியை வாங்கிப் பேசினாள். என்ன பேசினாளோ, இரண்டு மணி நேரம் அவர் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல நாங்கள் இங்கே எழுதிக்கொண்டோம். எரிபொருள் குழாய் ஒன்று வரைபடத்தில் இல்லாத வழியில் போவது அப்போதுதான் தெரிந்தது.

அவருக்கு வயது 80ஐத் தாண்டிவிட்டது. மின்கம்பிகள் பற்றிய பகுதி இன்னும் பாக்கி. வரும் ஞாயிறு இரவு மீண்டும் அழைப்பதாகச் சொல்லியிருக்கிறோம். அதுவரை விமானம் கொட்டகையில்தான் நிற்கும் என்று மைத்துனர் தங்கைக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார்.