முன்னது எது? பின்னது எது?



காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையை நீங்கள் அறிவீர்கள். காக்கை வந்து அமர்ந்தது. அக்கணமே பழம் விழுந்தது. கண்டவன், காக்கையே பழத்தை வீழ்த்தியது என்று முடிவு கட்டினான். காம்பு எத்தனை நாட்களாக நைந்து தொங்கிக் கொண்டிருந்தது என்பதை அவன் ஆராயவில்லை. இளைஞர்களைப் பற்றி நம் ஊர்த் திண்ணைகளில் வழங்கும் தீர்ப்புகளில் பல இத்தகையனவே. 'பீடி பிடித்தான்; படிப்புக் கெட்டது' என்பது ஒன்று. 'பள்ளியை விட்டான், அதனால் வழி தவறினான்' என்பது மற்றொன்று. 'பட்டாளத்தில் சேர்த்து விடுங்கள். எல்லாம் சரியாகிவிடும்' என்பது மூன்றாவது. இம்மூன்று தீர்ப்புகளையும் பல்லாண்டு முயன்று சோதித்துப் பார்த்த சில சமூக ஆராய்ச்சிகளைப் பற்றியே இன்று உங்களிடம் பேச விரும்புகிறேன்.

அதற்கு முன், நானே வழங்கிய தீர்ப்பு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்.

நான் தலைமையாசிரியனாகப் பொறுப்பேற்ற புதிதில், பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் தண்ணீர்த் தொட்டியின் பின்புறம் பீடி குடித்தபோது பிடிபட்டான். பள்ளியின் நற்பெயர் ஒன்றே அப்போது என் கண்முன் நின்றது. அவன் தந்தையை வரவழைத்து, மாற்றுச் சான்றிதழைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டேன். இரண்டாண்டுகள் கழித்து அவனே என் அறை வாசலில் வந்து நின்றான். இராணுவத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்வியுற்றுச் சென்றிருக்கிறான்.

"பத்தாவது தேறிய சான்று கேட்கிறார்கள் ஐயா. நான் இப்போது என்ன செய்வது?" என்றான்.

"தனித்தேர்வு எழுதலாமே, தம்பி" என்றேன்.

"எனக்குப் படிக்கவே வராது ஐயா" என்று சொல்லித் தலை குனிந்தான்.

அவன் சென்ற பின், பழைய மதிப்பெண் பதிவேடுகளை எடுத்துப் பார்த்தேன். ஆறாம் வகுப்பு முதற்கொண்டே தமிழிலும் கணக்கிலும் அவன் தேறியதில்லை. இருந்தும் ஆண்டுதோறும் அடுத்த வகுப்புக்கு அனுப்பிக் கொண்டே வந்திருந்தோம். எட்டாம் வகுப்பில் அவன் பள்ளிக்கு வந்த நாட்களைவிட வராத நாட்கள் மிகுதி. காம்பு நைந்த வரலாறு முழுவதும் எங்கள் பதிவேட்டிலேயே எழுதப்பட்டிருந்தது. நான் பார்த்ததோ, அன்றைக்கு வந்து அமர்ந்த காக்கையை மட்டும்.

முன்னது எது, பின்னது எது என்று அறிவது எளிதன்று. ஒரு பள்ளிக்கு ஒரு நாள் சென்று, புகைப்போர் எத்தனை பேர், தேர்வில் தவறினோர் எத்தனை பேர் என்று எண்ணினால், இரண்டு கூட்டத்திலும் பெரும்பாலும் அதே முகங்களைக் காண்போம். ஆனால் புகை படிப்பைக் கெடுத்ததா, கெட்ட படிப்பு புகைக்கு வழி திறந்ததா என்பதை அந்த ஒரு நாள் கணக்கு சொல்லாது. அதே பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து சென்று மீண்டும் மீண்டும் வினவினால்தான் அது விளங்கும்.

அத்தகைய முயற்சியில் பெயர் பெற்றவர்கள், அமெரிக்க நாட்டு மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் சமூக ஆராய்ச்சிக் கழகத்தார். அங்கே ஜெரால்டு பாக்மன் என்னும் அறிஞரும் அவருடைய குழுவினரும் 1966-ஆம் ஆண்டில், 87 பொதுப் பள்ளிகளிலிருந்து, பத்தாம் வகுப்பில் படித்த 2,200-க்கு மேற்பட்ட மாணவர்களைத் தேர்ந்து, 1974 வரை எட்டாண்டுக் காலம் தொடர்ந்தனர். சிலர் கல்லூரிக்குச் சென்றனர். சிலர் வேலைக்குச் சென்றனர். சிலர் படையில் சேர்ந்தனர். சிலர் இடையிலேயே பள்ளியை விட்டனர். இடைநின்றவர்களைப் பற்றிய நூலை அவர்கள் 1971-இல் வெளியிட்டார்கள். இடைநிற்றல் நோயா, நோயின் அறிகுறியா என்பதே அந்நூலின் தலைப்பில் எழுப்பப்பட்ட வினா. பள்ளியை விட்டவர்களிடம் காணப்பட்ட குறைகளில் பெரும்பாலானவை, அவர்கள் பள்ளியை விடுவதற்கு முன்பே, பத்தாம் வகுப்பின் தொடக்கத்திலேயே இருந்தன என்று அவர்கள் கண்டார்கள். ஆகவே இடைநிற்றல் பெரும்பாலும் அறிகுறியே. அறிகுறியைத் தண்டித்தால் நோய் தீருமா?

1975-ஆம் ஆண்டில் அதே கழகத்தில் லாயிடு ஜான்ஸ்டன், பாக்மன், பாட்ரிக் ஓமாலி ஆகியோர், 'எதிர்காலத்தைக் கண்காணித்தல்' என்று பொருள்படும் பெயருடன் மற்றொரு ஆராய்ச்சியைத் தொடங்கினர். பள்ளி இறுதி வகுப்பு மாணவர்கள் பல்லாயிரவரிடம் புகை, மது, பிற போதைப் பொருள்கள் ஆகியவற்றைப் பற்றி வினாப்பட்டி கொடுத்து விடை பெறும் இப்பணி, அரை நூற்றாண்டாக ஆண்டுதோறும் நடந்து வந்திருக்கிறது. 1991 முதல் எட்டாம், பத்தாம் வகுப்பு மாணவர்களையும் சேர்த்துக் கொண்டனர். இதில் நீங்கள் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. இறுதி வகுப்பில் மட்டும் கணக்கெடுத்தால், அதற்கு முன்பே பள்ளியை விட்டவன் கணக்கில் வருவதே இல்லை. எவன் மிகவும் இடருற்றானோ அவனே ஏட்டிலிருந்து மறைந்து போகிறான். எட்டாம் வகுப்பிலேயே தொடங்கினால் அவனையும் காணலாம்.

அவ்வாறு எட்டாம் வகுப்பில் தொடங்கி, இருபத்திரண்டு வயது வரை தொடர்ந்து பார்த்ததன் பயனாக 2008-இல் ஒரு நூல் வெளிவந்தது. படிப்புக்கும் போதைப் பழக்கத்துக்கும் உள்ள தொடர்பை அது விரிவாக ஆராய்கிறது. பெரும்பாலும் படிப்பில் ஏற்பட்ட தோல்வி முன்னே வந்தது. புகையும் பிற பழக்கங்களும் பின்னே வந்தன என்பது அதன் முடிவு. போதைப் பழக்கம் படிப்பைக் கெடுப்பதில்லை என்று அவர்கள் சொல்லவில்லை. அதுவும் உண்டு, ஆயினும் படிப்பில் வீழ்ச்சி பழக்கத்துக்கு வழிவிடும் ஆற்றலே அதனினும் மிகுதி என்றார்கள்.

இனி, பட்டாளத்தைப் பற்றிய தீர்ப்புக்கு வருவோம். வியட்நாம் போரில் ஈடுபட்ட அமெரிக்கப் போர்வீரர்களிடையே ஹெராயின் என்னும் கொடிய போதைப் பொருள் பரவிவிட்டது என்ற செய்தி 1971-இல் அந்நாட்டையே கலக்கியது. அங்கே அது மலிவாகவும் கலப்படமின்றியும் கிடைத்தது. இவ்வீரர்கள் நாடு திரும்பினால் நகரங்களின் கதி என்னவாகும் என்று அரசினர் அஞ்சினர். அதை ஆராயும் பொறுப்பு, செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகப் பேராசிரியை லீ ராபின்ஸ் அம்மையாரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1971 செப்டம்பரில் திரும்பிய வீரர்களுள் ஏறத்தாழ 900 பேரை அவருடைய குழுவினர் நாடெங்கும் தேடிச் சென்று கண்டு பேசினர்.

வீரர்களில் 5 பேருக்கு ஒருவர் வீதம் வியட்நாமில் அடிமைப்பட்டிருந்தனர். ஆனால் அவ்வாறு அடிமைப்பட்டவர்களுள், திரும்பிய முதல் ஆண்டில் மீண்டும் அடிமைப்பட்டவர்கள் 100-க்கு 5 பேர் அளவினரே. மூன்றாண்டுக் காலத்தைக் கணக்கிட்டாலும் 100-க்கு 12 பேர்தாம். இம்முடிவைக் கேட்டு, அந்தப் பொருள் அவ்வளவு தீங்கானதன்று என்று எவரும் எண்ணிவிடலாகாது. அஞ்சத்தக்க இடம், ஓயாத சலிப்பு, எளிதில் கைக்கு எட்டும் போதை, உடன் புகைக்கும் தோழர்கள் ஆகிய சூழல் முழுவதும் அவர்களுக்கு ஒரே நாளில் மாறிவிட்டது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். சிகிச்சை முடிந்து அதே தெருவுக்கும் அதே கூட்டத்துக்கும் திரும்புகிறவனுக்கு அந்த வாய்ப்புக் கிட்டுவதில்லை. மற்றொன்றும் அம்மையார் கண்டார். வியட்நாமில் இப்பழக்கத்தில் வீழ்ந்தவர்களுள் வயதிற் சிறியவர்கள், பள்ளிப் படிப்புக் குறைந்தவர்கள், படையில் சேருமுன்பே தொல்லைகளில் சிக்கியிருந்தவர்கள் ஆகியோரே மிகுதி. அங்கும் ஒரு பழைய பதிவேடு இருந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

அப்படியானால் படைக் கட்டுப்பாடு யாரையும் திருத்தாதா? இதற்கும் மிச்சிகன் ஆராய்ச்சியாளர்கள் விடை தேடினர். பள்ளி முடித்துப் படையில் சேர்ந்தவர்களையும் சேராதவர்களையும் ஒப்பிட்டு 1999-இல் தங்கள் முடிவை வெளியிட்டனர். 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்கப் படைகளில் சிறுநீர்ச் சோதனை கண்டிப்பாக நடைமுறைக்கு வந்தது. அதன் பின் சேர்ந்தவர்களிடம், சட்டம் தடுத்த போதைப் பழக்கம் வெளியே இருந்தவர்களைவிட மிகுதியாகக் குறைந்தது. படையினரிடையே நடந்த வேறொரு கணக்கெடுப்பின்படி, முந்திய முப்பது நாட்களில் அத்தகைய பொருளைப் பயன்படுத்தியவர்கள் 1980-இல் 100-க்கு 27 பேருக்கு மேல். 1998-இல் 100-க்கு 3 பேருக்கும் குறைவு. கட்டுப்பாட்டின் வலிமைக்கு இது நல்ல சான்று.

ஆனால் அதே இளைஞர்களிடையே, நாள்தோறும் அரைப் பெட்டிக்குக் குறையாமல் சிகரெட்டுப் புகைப்போர் தொகை, வெளியே இருந்தவர்களிடையே உயர்ந்ததைவிட மிகுதியாக உயர்ந்தது. சிகரெட்டுக்குத் தண்டனையில்லை. 1975 வரை அமெரிக்க வீரனின் உணவுப் பொட்டலத்திலேயே சிகரெட்டு வைக்கப்பட்டிருந்தது என்பதையும் நினைத்துப் பாருங்கள். சீருடை தானாக ஒருவனைத் திருத்திவிடுவதில்லை. எதை அச்சூழல் தடுக்கிறதோ அது குறைகிறது. எதைப் பொறுத்துக் கொள்கிறதோ அது வளர்கிறது. இது பாசறைக்கு மட்டுமன்று. மாணவர் விடுதிக்கும் பொருந்தும்.

இவையெல்லாம் அமெரிக்க நாட்டு முடிவுகள். அவற்றின் எண்களை அப்படியே நம் நாட்டுக்கு இறக்குமதி செய்ய இயலாது. ஆனால் அவர்கள் கேட்ட கேள்வியை நாமும் கேட்கலாம். நாளேட்டில் இளைஞரைப் பற்றி ஒரு விழுக்காட்டைக் காணும்போது, 'ஒரே நாளில் எண்ணியதா, தொடர்ந்து சென்று அறிந்ததா? யாரை எண்ணினார்கள்? யார் விட்டுப் போனார்கள்?' என்று கேளுங்கள். அன்றியும், ஆராய்ச்சி பலரைப் பற்றிப் பேசுவது. படிப்பில் பின்தங்கிய ஒருவன் கட்டாயம் கெட்டுப் போவான் என்று அது சொல்லவில்லை. அவனுக்குத் துணை வேண்டும் என்பதையே உணர்த்துகிறது.

அத்துணையை ஆசிரியர் மட்டுமே தர வேண்டும் என்பதில்லை. உங்கள் பக்கத்தில் அமர்ந்திருப்பவன் சில நாட்களாக வகுப்புக்கு வராவிட்டால், ஏன் என்று வீட்டுக்குச் சென்று கேளுங்கள். புரியாத கணக்கை மாலையில் உடனிருந்து சொல்லிக் கொடுங்கள். புகை மணம் வீசிய பிறகு அவனை விட்டு விலகுவதைவிட, அதற்கு முன்னே அவன் அருகில் செல்வது எளிது. பயன் மிக்கதும் அதுவே.

என் மாணவனுக்கு நான் அளித்த தண்டனை ஒரு நிமிடத்தில் முடிந்தது. ஆறாம் வகுப்பில் அவனுக்குத் தேவைப்பட்டது நாள்தோறும் ஒரு மணி நேரம் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுத் தரும் ஓர் ஆசிரியர். அதை நாங்கள் தரவில்லை. அவன் வந்து சென்ற நாளுக்குப் பிறகு, ஓய்வு பெறும் வரையில், மதிப்பெண் பதிவேட்டையும் வருகைப் பதிவேட்டையும் மேசைமேல் விரித்து வைக்காமல் எந்த மாணவனையும் நான் விசாரித்ததில்லை. தாமதமாகக் கற்ற பாடந்தான். நீங்கள் இளமையிலேயே கற்றுக்கொள்ள வேண்டும் என்ற ஆவலால் சொன்னேன்.