கணக்கில் பதினான்கு

(நமது சங்கத்தின் ஆண்டு விழாவையொட்டி நடைபெற்ற இளைஞர் அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தலைவர் என்னைக் கூப்பிட்டு, "நீர் இருபத்தைந்து வருஷமாக ஆடிட்டராக இருக்கிறீர். ஆனால் வரிச் சலுகை பற்றி இன்று பேச வேண்டாம். சின்ன வயசில் இங்கிலாந்தில் போய் கிரிக்கெட் ஆடினீராமே, அதைச் சொல்லும்" என்றார். சொல்கிறேன். ஆனால் முன்கூட்டியே ஒரு எச்சரிக்கை. இது நான் ஜெயித்த கதை அல்ல.

நான் பிறந்து வளர்ந்தது மும்பை மாட்டுங்காவில். அப்பா தணிக்கை அலுவலகத்தில் உத்தியோகம். ஆத்தில் எதையும் கணக்காகத்தான் பேசுவார். எனக்கோ பள்ளிக்கூடத்தை விட தட்கர் மைதானம்தான் நெருக்கம். மும்பையில் காங்கா லீக் என்று ஒன்று உண்டு. 1948-ல் ஆரம்பித்தது. மழைக்காலத்தில், ஈரத் தரையில், உயரமாக வளர்ந்த புல்லுக்கு நடுவே ஆடுவார்கள். அதில் இரண்டு வருஷம் சுமாராக ரன் எடுத்தேன். 1998-ல் எனக்கு வயது 21. சி.ஏ. படிப்பில் ஆர்ட்டிகிள்ஷிப் நடந்துகொண்டிருந்தது. அப்போது மைதானத்தில் பழக்கமான மூத்த ஆட்டக்காரர் ஒருவர், தான் முன்பு ஆடிய லங்காஷையர் கிராமத்துக் கிளப் ஒன்றுக்கு ஒரு பையன் வேண்டுமென்று கேட்கிறார்கள், போகிறாயா என்றார். தங்க இடம் அவர்கள் தருவார்கள். சம்பளம் கிடையாது. விமான டிக்கெட் நம் பொறுப்பு.

அப்பா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் தன் பிராவிடண்ட் ஃபண்டிலிருந்து கடன் எடுத்து வந்து, "ஏப்ரலில் போய் செப்டம்பரில் திரும்ப வேண்டும். நவம்பரில் பரீட்சை எழுத வேண்டும். வாரம் ஒரு கடிதம் வர வேண்டும்" என்றார். அம்மா புளிக்காய்ச்சல், பருப்புப் பொடி, நார்த்தங்காய் எல்லாம் கட்டிக் கொடுத்து, "அங்கே முட்டை போடாத கேக்கே கிடையாதாம், பட்டினி கிடக்காதேடா" என்று கண்கலங்கினாள். பெட்டியில் பாதி மட்டையும் காலுறையும், பாதி தளிகைச் சாமான்.

லங்காஷையர் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பஞ்சாலைகள் நிறைந்த பிரதேசம் அது. ஆலைத் தொழிலாளர்களுக்குச் சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல்தான் ஓய்வு. அந்த அரை நாளில் பார்க்கவும் ஆடவும் ஊருக்கு ஊர் கிரிக்கெட் கிளப் வைத்துக்கொண்டார்கள். லங்காஷையர் லீக் 1892-ல் தோன்றியது. அணியில் ஒருவர் மட்டும் சம்பளம் வாங்கும் ஆட்டக்காரர், மற்றவர்கள் உள்ளூர்க்காரர்கள் என்பது ஏற்பாடு. மேற்கிந்தியத் தீவுகளின் லியரி கான்ஸ்டன்டைன் 1929 முதல் நெல்சன் என்ற ஊருக்காக ஒன்பது பருவங்கள் ஆடினார். நம் வினு மன்கட் 1952-ல் ஹாஸ்லிங்டன் கிளப்பில் ஒப்பந்தத்தில் இருந்தார். அந்த வருஷம் இந்திய அணி அங்கே சுற்றுப்பயணம் வந்து முதல் டெஸ்டில் தோற்ற பிறகு, கிளப்பிடம் அனுமதி கேட்டு அவரை வாங்கிப் போய் லார்ட்ஸில் ஆட வைத்தார்கள். அவர் எடுத்தது 72, 184. கபில் தேவ் 1981-ல் நெல்சனுக்கு ஆடினார். நம் வெங்கட்ராகவன் கவுண்டி ஆட்டத்தில் டெர்பிஷையருக்கு 1973 முதல் 1975 வரை பந்து வீசினார். இந்தப் பட்டியலில் நானும் சேரப்போகிறேன் என்றுதான் விமானத்தில் உட்கார்ந்து நினைத்துக்கொண்டேன்.

நான் போனது அவ்வளவு பெரிய லீக் அல்ல. அந்த வட்டாரத்தில் ஒரு சின்ன லீக். மைதானத்திலிருந்து பார்த்தால் பெண்டில் குன்று தெரியும். "குன்று தெரிந்தால் மழை வரப்போகிறது, தெரியாவிட்டால் மழை வந்துவிட்டது" என்று உள்ளூரில் வேடிக்கையாகச் சொல்வார்கள். ஏப்ரல் குளிரில் மூன்று ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு களமிறங்கினேன். விரல் விறைத்துப் போயிருக்கும். பந்து மெதுவாக வந்து, கடைசி நொடியில் நகரும். முதல் நான்கு ஆட்டங்களில் என் ரன்கள் 0, 3, 7, 0. ஐந்தாவது வாரம் காப்டன் தோளில் கை வைத்து, "நீ கொஞ்ச நாள் இரண்டாம் அணியில் ஆடு" என்றார். அப்பாவின் பிராவிடண்ட் ஃபண்ட் கண்முன் வந்து நின்றது.

அப்போதுதான் அந்தக் கிளப் எப்படி நடக்கிறது என்று பார்க்க ஆரம்பித்தேன். அங்கே ஆடுகிறவர்கள் பணம் வாங்குவதில்லை, ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பணம் கொடுத்து ஆடுகிறார்கள். வியாழக்கிழமை மாலை, ரிடையர் ஆன இரண்டு பெரியவர்கள் ரோலரை இழுப்பார்கள். நானும் சேர்ந்துகொண்டேன். ஜூன் மாதத்தில் ராத்திரி ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும். வெள்ளிக்கிழமை குழந்தைகளுக்குப் பயிற்சி. சனிக்கிழமை தேநீர் இடைவேளைக்கு வீட்டுப் பெண்மணிகள் ரொட்டியும் கேக்கும் செய்து கொண்டுவருவார்கள். நான் மாமிசமும் முட்டையும் சாப்பிடுவதில்லை என்று தெரிந்ததும், ஸ்கோர் எழுதுபவரின் மனைவி ஒரு டப்பாவில் தக்காளியும் சீஸும் வைத்த ரொட்டியை அடுக்கி, மேலே என் பெயரை எழுதி ஒட்டி வைப்பார். நான் பூஜ்யம் எடுத்த நாளிலும் அந்த டப்பா வந்தது. இது என்னை ரொம்பவும் யோசிக்க வைத்தது.

இரண்டாம் அணியில் எனக்கு ஜோடியாக இறங்கியவன் என் வயதுப் பையன். அவனுடைய தாத்தா பாகிஸ்தானிலிருந்து பஞ்சாலை வேலைக்கு வந்து குடியேறியவர். எனக்கு அரிசி, பருப்பு வாங்கக் கடை காட்டியவனே அவன்தான். அந்த வருஷம் மே 11-ஆம் தேதி பொக்ரானில் நாம் அணுகுண்டு சோதனை செய்தோம். மே 28-ஆம் தேதி பாகிஸ்தான் செய்தது. அது வியாழக்கிழமை. சனிக்கிழமை நாங்கள் இருவரும் சேர்ந்து இறங்க வேண்டும். உடை மாற்றும் அறையில் யாருக்கும் என்ன பேசுவதென்று தெரியவில்லை. அவன் காலுறையைக் கட்டிக்கொண்டே, "ரன்னுக்கு இங்கிலீஷில் கூப்பிட வேண்டாம். ஆஜா, ருக் என்று கூப்பிடுவோம், இவர்களுக்குப் புரியாது" என்றான். அன்று முதல் விக்கெட்டுக்கு நாற்பது ரன் சேர்த்தோம்.

பயிற்சிக்கு நடுவே அவனுக்கு நான் நம் ஊர் கதைகளைச் சொல்வேன். குண்டப்பா விஸ்வநாத் கதையையும் சொன்னேன். 1980, மும்பை வான்கடே மைதானத்தில் பொன்விழா டெஸ்ட். இங்கிலாந்து 58 ரன்னுக்கு ஐந்து விக்கெட் இழந்து தவித்த நேரம். பாப் டெய்லர் அவுட் என்று அம்பயர் கை தூக்கிவிட்டார். பந்து மட்டையில் படவில்லை என்று காப்டன் விஸ்வநாத் அவரைத் திரும்பக் கூப்பிட்டார். டெய்லரும் போத்தமும் சேர்ந்து 171 ரன் எடுத்தார்கள். இந்தியா தோற்றது. "எங்கள் ஊரில் அப்படித்தான் ஆடுவோம்" என்று நான் பெருமையாகச் சொன்னேன். அவன் கேட்டுக்கொண்டான்.

இப்போது ஜூலை 18-ஆம் தேதிக்கு வருகிறேன். வெளியூர் அணியுடன் எங்கள் மைதானத்தில் ஆட்டம். நியமிக்கப்பட்ட அம்பயர்களில் ஒருவர் வரவில்லை. அப்படிப்பட்ட நாளில், ஆடும் அணியில் ஏற்கெனவே அவுட் ஆனவர் ஒருவர் கோட்டை மாட்டிக்கொண்டு நிற்பது வழக்கம். என் ஜோடி சீக்கிரம் அவுட் ஆகியிருந்ததால் அவன் நின்றான். நான் 14 ரன்னில் இருந்தேன். அவர்களுடைய பந்துவீச்சாளர் ஐம்பது வயதுத் தபால்காரர். ஒரு பந்து வெளியே நகர்ந்து என் மட்டையின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டு கீப்பரிடம் போயிற்று. எனக்குச் சத்தம் கேட்டது. விரலில் அதிர்வு தெரிந்தது. எல்லோரும் அப்பீல் செய்தார்கள். நான் நகரவில்லை. மட்டை காலுறையில் பட்டதுபோல் குனிந்து காலைப் பார்த்தேன். ஜோடி என்னையே பார்த்துவிட்டு, "நாட் அவுட்" என்றான்.

சட்டப்படி மட்டையாளர் தானாக வெளியேற வேண்டிய கட்டாயமில்லை. அம்பயர் சொல்வதுதான் முடிவு. அதை நான் மனசுக்குள் பத்து முறை சொல்லிக்கொண்டு ஆடினேன். 61 ரன் எடுத்தேன். நாங்கள் ஜெயித்தோம்.

அந்தப் பக்கத்தில் ஒரு சம்பிரதாயம் உண்டு. சம்பளமில்லாமல் ஆடுகிறவன் ஐம்பது ரன் எடுத்தால், பார்க்க வந்தவர்களிடம் தொப்பியை ஏந்திக் காசு சேகரித்து அவனிடம் கொடுப்பார்கள். அன்று எனக்கு இருபத்தேழு பவுண்டும் சில்லறையும் வந்தது. வெள்ளிக்கிழமை என்னிடம் பயிற்சிக்கு வரும் குழந்தைகள் போட்ட பத்து பென்ஸ் காசுகளும் அதில் இருந்தன.

மாலையில் ஜோடியிடம் போய், "தாங்க்ஸ்" என்றேன். அவன் சிரிக்கவில்லை. "ஏதோ சத்தம் கேட்ட மாதிரி இருந்தது. நிச்சயமில்லை. உன் முகத்தைப் பார்த்தேன். நீ நின்றாய். விஸ்வநாத் ஊர்க்காரன், பட்டிருந்தால் போயிருப்பான் என்று நினைத்து இல்லை என்றேன்" என்றான். சற்றுப் பொறுத்து, "பட்டதா?" என்று கேட்டான்.

பட்டது என்றேன். அவன் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

அந்த ராத்திரி தூக்கம் வரவில்லை. யாரிடமும் சொல்ல ஆளில்லை. வாரக் கடிதம் பாக்கியிருந்தது. அப்பாவுக்கு நடந்ததை நடந்தபடி எழுதிப் போட்டுவிட்டேன். அப்பாவுக்குக் கிரிக்கெட்டில் எல்.பி.டபிள்யூ. என்றால் என்னவென்று கூடத் தெரியாது. இரண்டு வாரத்தில் பதில் வந்தது. இன்றும் என்னிடம் இருக்கிறது.

"சிரஞ்சீவிக்கு அநேக ஆசீர்வாதம். இங்கு அனைவரும் க்ஷேமம். 61 ரன் என்று எழுதியிருக்கிறாய். நீ எழுதியபடி 14-லேயே நீ அவுட். ஆகவே உன் கணக்கில் வருவது 14. மீதி 47 சஸ்பென்ஸ் அக்கவுண்டில் இருக்கிறது. வசூலான பணமும் அப்படியே. அதை நேர் செய்துவிட்டு எழுதவும். அம்மா நார்த்தங்காய் தீர்ந்ததா என்று கேட்கிறாள்."

திட்டு இல்லை, உபதேசம் இல்லை. அவ்வளவுதான் கடிதம்.

ஆகஸ்டில் அதே அணியுடன் அவர்கள் ஊரில் மறு ஆட்டம். ஆரம்பிக்கும் முன் அந்தத் தபால்காரரிடம் போய், "போன தடவை நான் அவுட். தெரிந்தேதான் நின்றேன். மன்னிக்க வேண்டும்" என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்து, "எங்களுக்கும் கேட்டது, தம்பி. சரி, இன்றைக்கு ஸ்டம்புக்கே போடுகிறேன், அப்போது யாருக்கும் சந்தேகம் வராது" என்றார். சொன்னபடியே செய்தார். 9 ரன்னில் என் நடு ஸ்டம்பு போயிற்று. திரும்பி வரும்போது எதிரே என் ஜோடி நின்றிருந்தான். நான் தபால்காரரிடம் பேசியதை அவன் பார்த்திருக்கிறான். "ஆஜா" என்றான். மூன்று வாரத்துக்குப் பிறகு அவன் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

இருபத்தேழு பவுண்டு சில்லறையை, மழையில் ஆடுகளத்தை மூடும் விரிப்பு வாங்கச் சேர்த்துக்கொண்டிருந்த உண்டியலில் போட்டேன். காப்டனிடம் காரணத்தையும் சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, "வியாழக்கிழமை ரோலருக்கு வருகிறாயல்லவா?" என்று மட்டும் கேட்டார். வந்தேன். செப்டம்பர் வரை ஒரு வியாழன்கூடத் தவறவில்லை. பருவம் முடிந்தபோது எனக்கு முதல் அணியில் இடமும் கிடைக்கவில்லை, கோப்பையும் கிடைக்கவில்லை. ஸ்கோர் எழுதுபவரின் மனைவி அந்த ரொட்டி டப்பாவைக் கழுவித் துடைத்து என் கையில் கொடுத்து அனுப்பினார்.

நவம்பரில் பரீட்சை எழுதினேன். கிரிக்கெட்டில் மேலே போகும் திறமை எனக்கு இல்லை என்று அந்தக் கோடையிலேயே தெரிந்துவிட்டது. அதில் எனக்கு வருத்தமில்லை. அப்பாவுக்கு மூன்று வருஷத்தில் டிக்கெட் கடனை அடைத்தேன். அவர் இப்போது இல்லை. ஆடிட்டராக எத்தனையோ பாலன்ஸ் ஷீட்டுகள் என் கையெழுத்துக்கு வந்திருக்கின்றன. "சட்டப்படி தப்பில்லை சார், கண்டுபிடிக்கவும் முடியாது" என்று யாராவது சொல்லும்போதெல்லாம், மட்டையின் ஓரத்தில் வந்த அந்தச் சத்தம் கேட்கும். பேனாவை மூடி வைத்துவிடுவேன். அதனால் இழந்த கட்சிக்காரர்கள் சிலர் உண்டு. ஆத்தில் அதற்காகச் சண்டையும் நடந்ததுண்டு.

இளைஞர்களுக்கு இரண்டு வார்த்தை. உங்களில் பலர் படிக்கவும் வேலைக்கும் வெளிநாடு போவீர்கள். போகிற ஊரில் ஒரு அணியிலோ கிளப்பிலோ சேருங்கள். ஆட மட்டும் போகாதீர்கள், ரோலர் இழுக்கவும் போங்கள். நாம் நன்றாக ஆடிய நாளில் யாரும் கை தட்டுவார்கள். பூஜ்யம் எடுத்த நாளிலும் நமக்கென்று ஒரு டப்பா வைக்கிறவர்கள்தான் நம் மனுஷாள். அவர்களிடம் நம் முகம் பொய் சொல்லக் கூடாது.

நம் சங்கத்துக்கும் ரோலர் இழுக்க ஆள் வேண்டியிருக்கிறது. இந்த விழாவுக்கு நாற்காலி போட்டவர்கள் அத்தனை பேரும் அறுபது தாண்டியவர்கள். விழா முடிந்ததும் அவற்றை எடுத்து அடுக்க வேண்டும். பின்வரிசைக்காரர்கள் கொஞ்சம் இருந்து உதவிவிட்டுப் போனால் என் பேச்சுக்கு அதுவே போதும்.