அளவெடுத்துத் தைத்த ஆறுதல்

(ஜூபிலி விழா மாதர் கூட்டத்தில் தையல் வகுப்பின் சார்பில் ஆற்றிய உரை)



ஜூபிலி மேடையில் பேச எத்தனையோ விஷயங்கள் இருக்க, நாங்கள் மார்புப் புற்றுநோயைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம் என்றதும் சிலர் தலையைக் குனிந்துகொண்டீர்கள். பிப்ரவரி 5-ஆம் நாள் புனித ஆகத்தம்மாளுக்கு விழா எடுக்கும் திருச்சபை, அந்த வேதசாட்சியின் மார்பு அறுக்கப்பட்டதை மறைத்துச் சொல்லவில்லை. நாம் மட்டும் ஏன் மறைக்க வேண்டும்?

இன்று இந்தியப் பெண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் இதுவே. தொடக்கத்திலேயே கண்டுகொண்டால் பலருக்குக் கட்டியை மட்டும் அகற்றினால் போதும். நம் பக்கத்திலோ முற்றிய பிறகு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் அநேகர். மார்பு முழுவதையும் எடுக்க நேருகிறது. உயிர் பிழைத்து வீடு திரும்பியவளிடம், "உயிர் தப்பியதே பெரிது, இனி உனக்கு என்ன அலங்காரம்?" என்று வீட்டாரே சொல்லிவிடுகிறார்கள். அவள் பழந்துணியைச் சுருட்டி ரவிக்கைக்குள் வைத்துக்கொள்கிறாள். பஸ்ஸில் நின்றால் முந்தானையை இழுத்து இழுத்து விடுகிறாள். பிறகு கல்யாண வீட்டுக்கே போவதில்லை. இதையா அலங்காரம் என்கிறோம்? ஒருபக்கப் பாரம் குறைவதால் தோளும் கழுத்தும் வலிக்கக்கூடும் என்று மருத்துவர்களும் சொல்கிறார்கள்.

நம் தையல் வகுப்பில் பயிலும் நாங்களும், பொறியியல் படிக்கும் நம் பங்குப் பிள்ளைகள் சிலரும் சேர்ந்து இதில் இறங்கினோம். பிள்ளைகளுக்குப் பெரிய ஆசை. வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்கள் செய்வதுபோல் உடலைத் தொடாமல் ஒளியால் அளவெடுத்து, மிஞ்சியிருக்கும் மார்பின் வடிவைக் கம்ப்யூட்டரில் இடம் வலமாகத் திருப்பி, முப்பரிமாண இயந்திரத்தில் அச்சு செய்து, அதில் சிலிக்கோன் வார்க்கலாம் என்றார்கள். நல்ல முறைதான், ஒவ்வொருத்திக்கும் அவளுக்கே உரியதாக அமையும். ஆனால் கடையில் ஆயத்தமாக விற்கும் சிலிக்கோன் மார்புக்கே ஆயிரக்கணக்கில் விலை. மேலும், கேமரா முன் ரவிக்கையைக் கழற்ற நம் ஊர்ப் பெண்களில் யார் இசைவார்கள்?

பார்பி பொம்மையை 1959-இல் கொண்டுவந்த அமெரிக்கப் பெண்மணி ரூத் ஹேண்ட்லர், 1970-இல் ஒரு மார்பை இழந்தார். கடையில் கிடைத்தது மனத்துக்கு ஒவ்வாமல், பெய்டன் மாசி என்பவருடன் சேர்ந்து தாமே செய்யத் தொடங்கினார். இடத்துக்கு வேறு, வலத்துக்கு வேறு என்று செய்தார். செருப்புக்கு இடம் வலம் பார்க்கிற உலகத்துக்கு இதை ஒருவர் சொல்லித்தர வேண்டியிருந்தது! நம் நாட்டிலும் மும்பையில் தொடங்கிய சாயிஷா இந்தியா அறக்கட்டளையைச் சேர்ந்த பெண்கள், நூலால் பின்னிப் பஞ்சு அடைத்த மார்பை இலவசமாகத் தருகிறார்கள். அதைப் பார்த்துத்தான் எங்களுக்குத் துணிவு வந்தது.

முதலில் பருத்தித் துணியில் தைத்து இலவம்பஞ்சு அடைத்தோம். பார்க்க அழகாக இருந்தது. மேலூர்ப் பக்கம் நடவு வேலைக்குப் போகும் ஒரு தாயாரிடம் கொடுத்தோம். மறுவாரம் வந்தார். "அடி பிள்ளைகளா, குனிந்து நாற்று நட்டால் இது என் கழுத்துக்கு ஏறி வருகிறதடி" என்றார். நாங்கள் நின்ற நிலையில் அளவெடுத்திருந்தோம். அவரோ நாள் முழுவதும் குனிந்தே இருப்பவர்! பாரம் வேண்டுமென்று கேழ்வரகு அடைத்தோம். வியர்வையில் நனைந்து நாறியது. "இன்னும் இரண்டு நாள் விட்டால் முளைத்துவிடும்" என்று அவரே சிரித்தார். அவர் சிரித்ததால் எங்களுக்கு அழுகை வரவில்லை.

பிறகு, துவைத்தாலும் கெடாத கண்ணாடி மணிகளைச் சிறு பொட்டலங்களாகத் தைத்து, அடிப்பக்கத்தில் வைத்தோம். அவரைக் கண்ணாடி முன் நிறுத்தி, இரு தோளும் சமமாகும் வரை ஒவ்வொரு பொட்டலமாகச் சேர்த்தோம். ரவிக்கையின் உட்புறம் ஒரு பை தைத்து அதற்குள் செருகினோம். இப்போது குனிந்தாலும் இடம் பெயர்வதில்லை.

1968-இல் ஜெய்ப்பூரில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் டாக்டர் பி. கே. சேத்தியும் உருவாக்கிய செயற்கைக் காலும் இப்படித்தான். சம்மணம் போட்டு உட்காரவும் வெறுங்காலோடு வயலில் நடக்கவும் வேண்டியவர்களைப் பார்த்துச் செய்யப்பட்டது அது. நம் மதுரையிலேயே 1992-இல் தொடங்கிய ஆரோலேப், வெளிநாட்டிலிருந்து அதிக விலைக்கு வந்துகொண்டிருந்த கண் லென்ஸை எளியவருக்கும் எட்டும் விலையில் செய்துகாட்டியது. ஆகையால் நம் பிள்ளைகளின் சிலிக்கோன் ஆசையை நாங்கள் கைவிடச் சொல்லவில்லை. சித்திரை வெயிலில் வியர்க்காத உறை ஒன்றை முதலில் கண்டுபிடியுங்கள் என்றுதான் சொல்லியிருக்கிறோம்.

ஒரு எச்சரிக்கை. புண் நன்றாக ஆறும் வரை பாரமானது எதையும் வைக்கக் கூடாது. இலேசான பஞ்சு போதும், அதுவும் டாக்டர் சம்மதித்த பிறகே. அக்குளில் நெறிகளை எடுத்தவர்களுக்குக் கை வீங்கக்கூடும். தோள்பட்டையில் அழுந்தும்படி நாடாவை இறுக்க வேண்டாம்.

சனிக்கிழமை மாலைகளில் தையல் அறையில் பெண்கள் மட்டுமே இருப்போம். பெயர் எழுதுவதில்லை, பணம் வாங்குவதில்லை. வருகிறவர்கள் ஆபரேஷனுக்கு முன்பு உடுத்திய, நன்றாகப் பொருந்திய பழைய ரவிக்கை ஒன்றைக் கையோடு கொண்டுவாருங்கள்.